மெய்ப்பு மேசையிலிருந்து ஒரு தீவுக்கு

மெய்ப்புத் திருத்துவதும் பிரதியைச் செம்மையாக்குவதுமே என் தொழில் என்பதால், நாவலை நாவலாகப் படிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒற்று மிகுந்திருக்கிறதா, சென்ற அத்தியாயத்தில் இடது கையில் இருந்த தழும்பு இப்போது வலது கைக்கு வந்துவிட்டதா என்றுதான் கண் தேடும். ஆகவே, நெடுநாள் நண்பர் ஒருவர் தம் முதல் நாவலின் கைப்பிரதியைக் கொடுத்து, "அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றபோது, வேலைகளோடு வேலையாகத்தான் அதை வாங்கி வைத்தேன்.

கதை நடப்பது பெயரில்லாத ஒரு சிறு பவளத்தீவில். அச்சுக்கணக்கில் ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கம் அளவுக்குப் பென்சில் ஒழுங்காக ஓடியது. பிறகு எங்கே நின்றதென்று தெரியவில்லை. பகலெல்லாம் கடலிலிருந்து வீசிய காற்று, இரவில் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும் வேளையில், கதைசொல்லி படகுத்துறையில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் இடம் வந்தது. நானும் அருகில் போய் உட்கார்ந்துகொண்டேன். மேசையில் பாதியில் கிடந்த இரண்டு பாடநூல்களும் ஓர் ஆண்டறிக்கையும் என்னைத் தேடி அங்கே வர வழியில்லை. படகு வாரத்துக்கு ஒருமுறைதான். நிமிர்ந்து பார்த்தபோது 107ஆம் பக்கத்தில் இருந்தேன். ஓரங்களில் ஒரு குறிகூட இல்லை. கூலி வாங்கிச் செய்யும் வேலையில் இப்படி நடந்திருந்தால் வெளியில் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் அதே பக்கங்களைப் பென்சிலோடு படித்தேன். முந்தின நாள் நான் மெய்மறந்து பார்த்த முழுநிலவு நள்ளிரவில் உதித்துக்கொண்டிருந்தது. முழுநிலவு கதிரவன் மறையும் வேளையில் எழுவது. அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துவதால், நள்ளிரவில் எழுவது ஏறத்தாழ ஒரு வாரம் தேய்ந்த அரைநிலவாகத்தான் இருக்கும். காலை 6 மணிக்கு ஏறிய கடல் பிற்பகல் 3 மணிக்கே மீண்டும் ஏறியது. பெரும்பாலான கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே 12 மணி 25 நிமிட அளவு இடைவெளி உண்டு. இரண்டையும் குறித்த வேகத்தில், கடலுக்கு வெகு அருகிலுள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியதாக வந்த வரிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டேன். தேடிப் படித்தபோது நண்பர் எழுதியதே சரி. பவளத்தீவின் நுண்துளை நிலத்தில் இறங்கும் மழைநீர், அதைவிட அடர்த்தியான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. குறியை அழித்துவிட்டேன்; காகிதத்தில் அதன் தடம் இன்னும் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கும்போது, முதல் வாசிப்பில் பென்சில் நின்றுபோன பக்கங்கள் எவையென்றும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். என் கணக்கில் அதுவே முக்கியமான குறிப்பு. நண்பரோ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிலவைப் பற்றியே அரைமணி நேரம் வருந்தினார். நிலவைத் தேய்க்க அவருக்கு மனம் வரவில்லை. நள்ளிரவை அந்திப்பொழுதாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். அதனால் விளக்கேற்றும் காட்சி முன்னால் நகர்ந்திருக்கிறது, காற்றும் இன்னும் திசை மாறியிருக்காது. அந்தப் பக்கங்கள்தான் இப்போது என் மேசையில் இருக்கின்றன.