கடலோர மொட்டை மாடியில் கள்ளித் தோட்டம்: கத்திரிக்கு முன் செய்ய வேண்டியவை

"பாலைவனத்துச் செடிதானே, அதுக்கென்ன வெயில் புதுசா?" என்று கேட்பவர்கள் வீட்டு மாடியில்தான் மே மாதக் கடைசியில் கள்ளிகள் அடியோடு கூழாகிக் கிடக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கள்ளியைச் சாகடிப்பது பெரும்பாலும் பகல் வெயில் இல்லை. ராத்திரிப் புழுக்கமும், அந்தப் புழுக்கத்தில் இரக்கப்பட்டு நாம் ஊற்றும் தண்ணீரும்தான்.

காரணம் எளிமையானது. கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதற்கு ராத்திரி குளிர வேண்டும். அரிசோனாவின் டூசான் பக்கம் மே மாதப் பகல் 35 டிகிரியைத் தொட்டாலும் இரவில் 20க்குக் கீழே இறங்கிவிடும். நம் கடற்கரையில் பெரும்பாலான மே இரவுகள் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காது, காற்றில் ஈரமும் கூட. அப்போது செடி துளையைத் திறக்கவும் முடியாமல், வளரவும் முடியாமல் உறங்கப் போய்விடும். உறங்குகிற செடியின் வேர் தண்ணீரை இழுக்காது. சூடான மண்ணில் ஈரம் நிற்கும், பூஞ்சை வேலையைத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறு அடீனியம், அதாவது பாலைவன ரோஜா. அரேபியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது. சூடான இரவு அதற்குப் பிடிக்கும், மே மாதம் அதன் வளர்ச்சிக் காலம், தண்ணீரும் கேட்கும். ஒரே வரிசையில் அடீனியத்தையும் உருண்டைக் கள்ளியையும் வைத்துவிட்டு ஹோஸ் பைப்பைப் பிடித்து எல்லாவற்றுக்கும் சமமாக ஊற்றினால் ஏதாவது ஒன்று போய்விடும். ஆகவே முதல் வேலை, இரண்டையும் பிரித்து வைப்பது. சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர்களும் இரண்டுக்கும் தனித்தனி வால்வு வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் தொட்டிக் கள்ளிக்குச் சொட்டுநீரே வேண்டாம்.

அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். சித்திரை பிறந்ததிலிருந்து கணக்குப் போட்டால் கையில் இருப்பது மூன்று வாரம். தொட்டி மாற்றுவதற்கு இது நேரமில்லை. அது பிப்ரவரியில் முடித்திருக்க வேண்டிய வேலை. இப்போது வேரை அசைத்தால் காயம் ஆறுவதற்குள் கத்திரி வந்துவிடும். மேல் மண்ணை மட்டும் ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மண் போடலாம், அவ்வளவுதான்.

வெயில் வரும் திசை மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. மார்கழியில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து வரும். தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த செடிக்கு அப்போது சுவர் நிழல் கிடைக்கும். ஏப்ரல் 21, 22 தேதிவாக்கில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். அதாவது, தெற்குச் சுவர் நிழல் காணாமல் போகும். மற்ற மாதங்களில் நிழலாகவே இருந்த வடக்குப் பார்த்த பால்கனியில் காலையும் மாலையும் நேர் வெயில் விழும். பால்கனியில் பத்திரமாக இருந்த ஹாவொர்த்தியா என்ற சின்னச் சதைச்செடி மே மாதம் திடீரென்று செங்கல் நிறத்துக்கு மாறுவது இதனால்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை 8, நண்பகல் 12, மாலை 4 என மூன்று தடவை மாடிக்குப் போய் எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இடம் மாற்றும்போது ஒரு விதி: தொட்டியைச் சுழற்றாதீர்கள். மேற்கு வெயிலுக்குப் பழகிய பக்கம் மேற்கிலேயே இருக்கட்டும். சாக்பீஸால் தொட்டியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எப்போதும் மேற்கே பார்க்கும்படி வைத்தால் போதும். பழகாத பக்கத்தைக் கத்திரி வெயிலில் காட்டினால் இரண்டே நாளில் வெளிறி, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு ஆறாது. கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் நிழல்வலைக்குள் இருந்த செடியை ஏப்ரலில் வாங்கி வந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதற்கு 10 முதல் 14 நாள் பழக்கம் வேண்டும். முதல் நாலு நாள் காலை வெயில் 9 மணி வரை, அடுத்த நாலு நாள் 10:30 வரை என்று கூட்டிக்கொண்டே போங்கள். தொட்டியைத் தூக்க முடியவில்லையா, ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பில் மேலே கட்டிவிட்டுப் பத்து நாள் கழித்து எடுங்கள். வேட்டி செடியில் படக்கூடாது, ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

நிழல்வலை வாங்குகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 75 சதவீதம் வாங்கிவிடுகிறார்கள். உருண்டைக் கள்ளிக்கும், ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சதைச்செடியான எச்செவேரியாவுக்கும் 50 சதவீதமே போதும். 75 என்பது ஹாவொர்த்தியா, காஸ்டீரியா மாதிரி நிழல்விரும்பிகளுக்கு. அடர்ந்த வலைக்குக் கீழே கள்ளி நுனி மெலிந்து வெளிறி நீளும். அந்த மெலிந்த கழுத்து பிறகு நிமிரவே நிமிராது. வெயிலுக்குப் பழகிய அடீனியத்துக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் வலையே தேவையில்லை.

வலையை ஏழடி உயரத்தில் கட்டுங்கள். தலைக்கு மேல் மட்டும், கூடவே மேற்குப் பக்கம் மூன்றடி தொங்கல். கிழக்குப் பக்கத்தை மூடவே மூடாதீர்கள். காலையில் வீசுவது காய்ந்த மேல்காற்று. நண்பகலை ஒட்டித்தான் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும், மே கடைசியில் மேல்காற்று பலத்துவிட்டால் அதுவும் தாமதமாகும், சில நாள் வரவே வராது. வந்தால் அதுதான் மாடியைக் குளிரவைக்கிற ஒரே விஷயம். நாலு பக்கமும் வலை கட்டினால் உள்ளே நீராவி அடுப்புதான். வலையைத் தொய்வாக விட்டால் காற்றில் படபடத்துக் கட்டிய இடத்தில் கிழியும். ஓரத்தை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் கம்பியைக் கோத்து இழுத்துக் கட்டினால் கிழியாது.

இலைக்கு நிழல் கொடுத்துவிட்டு வேரை மறந்துவிடுவது இன்னொரு தப்பு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த செடியை ஜூன் மாதம் கவிழ்த்துப் பாருங்கள். கிழக்குப் பக்கம் வெள்ளை வேர் இருக்கும், மேற்குப் பக்கம் காய்ந்த சணல் மாதிரிப் பழுப்பாக உதிரும். வெயில் பட்ட சுவரை ஒட்டிய வேர் வெந்துவிட்டது என்று அர்த்தம். மண் தொட்டி இதற்கு நல்ல தீர்வு, சுவர் வழியே ஈரம் ஆவியாகிக் குளிரும். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்பது என் கட்சி. பிளாஸ்டிக்கே இருந்தால், வெளியே இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது ஒரு சுற்று பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி இடைவெளியைச் செங்கல் ஜல்லியால் நிரப்புங்கள். எந்தத் தொட்டியானாலும் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். தளச் சூடும் ஏறாது, அடித்துளையும் அடைபடாது.

மண் விஷயத்தில், ஆரோவில், கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தனியாகப் போட்டால் காய்ந்ததும் சிமெண்ட். ஊற்றும் தண்ணீர் தொட்டி ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும், நடு உருண்டை எலும்பாகக் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் வெளியே வந்துவிட்டது என்று நாமும் திருப்தியாகப் போய்விடுவோம். அப்படி இறுகிய தொட்டியை அரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது பருமணல் 2 பங்கு, செங்கல் ஜல்லி 1 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. கடற்கரை மணல் ஒரு பிடிகூட வேண்டாம், உப்பு.

மேலே பரப்ப வெள்ளை மார்பிள் சில்லு போடுகிறார்கள். அது சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமான நம் தண்ணீருடன் சேர்ந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்து இலையின் அடிப்பக்கத்தையும் சுடும். கறுப்புக் கல் சூடேறும். அரை அங்குலம் செங்கல் ஜல்லியே நல்லது. காய்கறிச் செடிக்குப் போடுகிற இலைதழை மூடாக்கைக் கள்ளிக்குப் போடாதீர்கள், கழுத்து அழுகும்.

இனி தண்ணீர். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் கோடையில் இன்னும் உப்பாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி ஏப்ரலில் ஒரு தடவை, மே நடுவில் ஒரு தடவை பாருங்கள். 450 பிபிஎம்முக்குள் இருந்தால் கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு வேண்டவே வேண்டாம். இடைப்பட்டதில் சமாளிக்கலாம்: மாதம் இரண்டு தடவை அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பதுதான் மிக மோசம். தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போகும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளைப் படிவு அதன் அடையாளம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கள்ளிகளுக்கு அதைச் சேர்த்து வையுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் நேர் எதிர், உப்பெல்லாம் அதில்தான் சேரும். அதைத் தளம் கழுவப் பயன்படுத்துங்கள்.

எப்போது ஊற்றுவது என்பதற்குத் தேதிக் கணக்கு வேண்டாம், ஒரு தென்னை ஈர்க்குச்சி போதும். தொட்டி ஓரத்தில் மூன்று அங்குலம் இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு இழுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு குச்சி கறுத்து வந்தால் ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தால் அடீனியத்துக்கு ஊற்றலாம். எட்டு அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர், துளையில் சொட்டும்வரை. மண் தொட்டியானால் மே மாதம் பெரும்பாலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை வரும். கள்ளிக்குக் குச்சி சுத்தமாக வந்த பிறகும் ஐந்தாறு நாள் பொறுக்க வேண்டும். கொஞ்சம் சுருங்கினால் பயப்படாதீர்கள், சுருங்கிய கள்ளி மீளும், ஊதிய கள்ளிதான் வெடிக்கும், அழுகும். அடீனியத்துக்கு விடிகாலை, கள்ளிக்கு இரவு 8 மணிக்கு மேல் தளம் ஆறிய பிறகு. மாலை ஐந்து மணிக்கு ஹோஸைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர், வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

உரம் கள்ளிக்கு ஜூன் முடிய நிறுத்தம். அடீனியத்துக்கு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும்.

புழுக்கத்தோடு மாவுப்பூச்சியும் வரும். இடுக்கில் பஞ்சு மாதிரி இருப்பது தெரியும். அடித்துளையில் இருப்பது தெரியாது, தூக்கிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்த பிறகு மட்டும் தெளிக்கவும். பகலில் தெளித்தால் எண்ணெய்ப் படலத்தோடு இலை பொரியும். எச்செவேரியா மேல் தெளிக்கவே கூடாது, அதன் சாம்பல் பூச்சுதான் அதன் வெயில் காப்பு, எண்ணெய் அதைக் கரைத்துவிடும். அங்கே ஸ்பிரிட் தொட்ட காது பட்ஸ் போதும்.

கடைசியாகக் கோடை மழை. வாரக்கணக்கில் வெந்த மண்ணில் ஒரே மாலையில் அடித்துக் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி வெயில் கொளுத்தும், அழுகல் தொடங்குவது அப்போதுதான். வானம் கறுத்தால் கள்ளித் தொட்டிகளைப் படிக்கட்டு அறைக்குள் இழுத்துவிடுங்கள். நனைந்துவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண்ணில் ஊற்றவும். மூன்று நாள் கழித்து அடீனியத்தின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தழும்பு இருந்தும் கெட்டியாக இருந்தால் அது வெயில் சுட்ட இடம், விட்டுவிடுங்கள். விரல் உள்ளே இறங்கினால் அழுகல். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத சதை வரும்வரை வெட்டி, அதே மருந்தைக் குழைத்துத் தடவி, நிழலில் 7 முதல் 10 நாள் தலைகீழாகத் தொங்கவிட்டு, காயம் தோல் கட்டிய பிறகு காய்ந்த மண்ணில் நடவும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடீனியம் பால் விஷம், கண்ணில் படக்கூடாது.