'இல்லேன்னா': சில நாட்குறிப்புகள்

மார்ச் 3

ராத்திரி பத்து மணிக்கு மேல் நண்பர் கூப்பிட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். எவனோ ஒருவன் ஒரு பழைய விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு பணம் கேட்கிறானாம். விஷயம் பொய்யில்லை. "உண்மையத்தான் சொல்லப்போறேங்கறான். உண்மையச் சொல்றது எப்படிங்க குத்தமாகும்?"

குற்றம்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. ஒருவரைப் பற்றிய உண்மையை வெளியே சொல்வது பெரும்பாலும் குற்றமில்லை. பணம் கேட்பதும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால் சிறை. சட்டம் படித்தவர்கள் இதைப் 'பிளாக்மெயில் புதிர்' என்றே பெயர் வைத்து இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: பணத்தையும் ரகசியத்தையும் கோக்கிற சொல் 'இல்லாவிட்டால்'. பேச்சில் 'இல்லேன்னா'. குற்றம் அந்தச் சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 4

மெயில் என்றதும் தபால் நினைவுக்கு வருகிறது. இந்தச் சொல்லுக்கும் தபாலுக்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் அது வாடகை, கப்பம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து எல்லையோரக் கொள்ளையர்கள் தங்களை விட்டுவைப்பதற்காகக் குடியானவர்கள் கட்டியது பிளாக்மெயில். நம் பாஷையில் மாமூல். ரகசியத்தை வைத்து மிரட்டுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மார்ச் 6

இன்று முழுக்கச் சட்டப் பிரிவுகள். இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டம், பிரிவு 21: ஆதாயம் பெறவோ பிறருக்கு நட்டம் விளைவிக்கவோ எண்ணி, நியாயமற்ற முறையில், மிரட்டலோடு ஒரு கோரிக்கை வைத்தால் குற்றம். உச்ச தண்டனை 14 ஆண்டு. பணம் கைமாற வேண்டியதில்லை, கேட்டாலே முடிந்தது. கேட்டவர் தப்ப வேண்டுமென்றால் இரண்டை உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும்: கேட்கத் தனக்கு நியாயம் இருக்கிறது, மிரட்டுவது அதற்கு முறையான வழிதான். முதலாவது மட்டும் போதாது. அதாவது உண்மையிலேயே கடன் பாக்கி இருந்தாலும், "தரலேன்னா உன் குடும்பத்துக்கிட்ட சொல்லுவேன்" என்றால் மாட்டிக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர்கள் பலருக்கு இது தெரியாது.

இந்தியச் சட்டத்தில் பிளாக்மெயில் என்ற பெயரிலேயே ஒரு குற்றம் இல்லை. 'மிரட்டிப் பறித்தல்' என்பதற்குள் அடங்குகிறது. 1860 தண்டனைச் சட்டத்தில் 383ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 308. மூன்று ஆண்டாக இருந்த உச்ச தண்டனை ஏழாக ஏறியிருக்கிறது. இங்கே குற்றம் முழுமையடையப் பணமோ பொருளோ கைமாற வேண்டும். ஆனால் பறிப்பதற்காகப் பயமுறுத்துவதே தனிக் குற்றம் என்பதால், பணம் கொடுக்கும்வரை காத்திருந்து புகார் செய்ய வேண்டியதில்லை. பெயருக்கு வரும் கேடும் 'தீங்கு' என்பதில் சேரும்.

மார்ச் 7

சிரித்துவிட்ட வழக்கு ஒன்று. 1974, இங்கிலாந்து. தர்ம நிதி திரட்டிய ஒரு கல்லூரி மாணவர், கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார்: இந்தச் சுவரொட்டியை வாங்கி மாட்டினால் மாணவர்களின் குறும்புத் தொல்லை உங்களுக்கு இருக்காது. 'இல்லேன்னா' ஒளிந்துதான் இருந்தது. ஆனால் சாதாரண மனிதர் யாரும் இதற்கு நடுங்கமாட்டார் என்று நீதிபதி விட்டுவிட்டார். மிரட்டலுக்கும் ஒரு கனம் வேண்டும்.

மார்ச் 10

கெட்டிக்காரர்கள் அந்தச் சொல்லை எழுதுவதே இல்லை. 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனுக்கு வந்தது ஒரு திரைக்கதைச் சுருக்கம். அவருடைய அந்தரங்கமே கதை. விலை 20 லட்சம் டாலர். வெறும் வியாபாரப் பேச்சு என்று பின்னால் வாதாடவும் பார்த்தார்கள். லெட்டர்மேன் ஒளித்துவைக்காமல் வழக்கறிஞரிடம் போனார், அவர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனார். அடுத்த சந்திப்புகள் ரகசியமாகப் பதிவாயின. எழுதாமல் விட்டதைப் பேச்சில் வெளியே வரவைப்பதுதான் அந்தச் சந்திப்புகளின் வேலை. 20 லட்சத்துக்குப் போலிக் காசோலை கைமாறியது. ஆசாமி அதை வங்கியில் போட்டார், கைதானார். 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதச் சிறை.

மார்ச் 12

நண்பர் நேரில் வந்தார். 'தெரிஞ்ச ஒருத்தர்' அவரேதான். முதல் நாளே ஊகித்திருந்தேன்.

எல்லா மெசேஜையும் அழித்துவிட்டாராம். பார்க்கவே கூசியதாம். புரிகிறது, கோபப்பட முடியவில்லை. ஆனால் அழிந்தது அவருடைய அவமானம் அல்ல, அவனுக்கு எதிரான சாட்சியம். எண்ணைப் பிளாக் செய்தாரா என்று கேட்டேன். இல்லை. நல்லவேளை. ஸ்கிரீன்ஷாட் ஒன்றிரண்டு இருக்கிறது. அதைவிட மூல ஃபோன்தான் கனமான சான்று, அதைத் துடைக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும். மெசேஜ் சேவை நிறுவனங்களின் சர்வரில் உள்நுழைவுப் பதிவுகள் கொஞ்ச காலத்துக்காவது இருக்கும். அவை அழிவதற்குள் 'வைத்திரு' என்று உத்தரவு போக வேண்டும். இணையக் குற்றங்களுக்கான 2001 புடாபெஸ்ட் சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அப்படி 90 நாள்வரை காப்பாற்றிவைக்கச் சொல்லலாம். காலம்தான் புலனாய்வின் முதல் எதிரி.

மார்ச் 13

பணம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கொடுத்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று.

ஆனாலும் அதில் ஒரு தடம் இருக்கிறது. முகம் காட்டாமல் மிரட்டலாம். பணத்தை எடுக்க எங்காவது ஒரு கை நீண்டே தீர வேண்டும். ஜெர்மனியில் 'டாகோபர்ட்' என்று பெயரெடுத்தவன் கடைகளில் குண்டு வைத்து, நிறுவனத்திடம் பணம் கேட்டு, போலீஸை வருஷக்கணக்கில் அலையவிட்டான். பணத்தைப் போடச் சொல்லி விதவிதமான கருவிகளைத் தானே செய்தான். கடைசியில் 1994 ஏப்ரலில் பெர்லினில் ஒரு தொலைபேசிக் கூண்டில் பிடிபட்டான்.

மார்ச் 16

புகார் கொடுத்தாயிற்று. விசாரணை அதிகாரி அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று நண்பர் ஆச்சரியப்பட்டார். பதில் எப்படி அனுப்ப வேண்டும் என்பதை அதிகாரியே சொல்லியிருக்கிறார். சண்டை வேண்டாம், கெஞ்ச வேண்டாம். "என்னால குடுக்க முடியலேன்னா என்ன ஆகும்?"

மார்ச் 17

காலை ஆறரைக்கு நண்பர் கூப்பிட்டார். அவன் பதில் போட்டிருக்கிறான், நீளமாக. மெதுவாகப் படித்துக் காட்டினார். மூன்றாவது வரியில் இருந்தது அந்தச் சொல்.