மனநல தெரபிக்கு அப்பாயின்ட்மென்ட் போடப் போறீங்களா, இத கொஞ்சம் படிச்சிட்டு போங்க

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு திருச்சியில இருந்து சித்தி பொண்ணு போன் பண்ணா. "அக்கா, நீ அப்பப்போ போயிட்டு இருந்தியே ஒரு மேடம்கிட்ட, அந்த மாதிரி எனக்கும் யாரையாவது பாக்கணும், எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத"ன்னா. அவளுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பினதையெல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், ஏன்னா எனக்கு அப்போ இதெல்லாம் சொல்ல ஒருத்தரும் இல்ல.

எங்க அப்பா 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு தூக்கமே இல்ல, விடியக்கால 3 மணிக்கு முழிப்பு வந்துரும், ஆபீஸ்ல ஒரு மெயிலுக்கு பதில் போட ஒரு மணி நேரம் ஆகும். ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு நம்பர் குடுத்தா, அத வச்சிக்கிட்டு 4 நாள் சும்மாவே இருந்தேன். அஞ்சாவது நாள் போட்டேன், யாரும் எடுக்கல. அவ்ளோதான், நமக்கு இது சரிப்படாதுன்னு விட்டுட்டேன். இப்போ தெரியுது, சின்ன கிளினிக்ல ரிசப்ஷன்ல யாரும் இருக்க மாட்டாங்க, தெரபிஸ்ட்டே தான் போன் எடுக்கணும், அவங்க செஷன்ல, அதாவது இன்னொருத்தர்கிட்ட பேசிட்டு இருந்தா போன் சைலன்ட்ல தான் இருக்கும். அதனால வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுறது தான் நல்லது. பேரு, வயசு, எத்தன நாளா கஷ்டமா இருக்கு, நேர்லயா ஆன்லைனா, தமிழ்ல பேசணுமா, எந்த நேரம் வர முடியும், இது போதும். முழுக்கதையும் அதுல எழுத வேண்டாம், எழுத ஆரம்பிச்சா அனுப்பவே மாட்டீங்க.

யார்கிட்ட போறோம்னு முதல்ல பாத்துக்கங்க. சைக்கியாட்ரிஸ்ட்ங்கறவங்க எம்பிபிஎஸ் முடிச்சிட்டு மனநலத்துல மேல படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேசி சரி பண்றவங்க, மாத்திரை தர மாட்டாங்க, பெரும்பாலும் எம்ஃபில் முடிச்சிருப்பாங்க, ஆர்சிஐன்னு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கும். அந்த நம்பர கேக்கலாம், அதுல தப்பே இல்ல, ஒழுங்கா படிச்சவங்க யாரும் அதுக்கு கோச்சுக்க மாட்டாங்க. கவுன்சிலிங் குடுக்குற கவுன்சிலர்லயும் ரொம்ப நல்லவங்க இருக்காங்க, ஆனா சின்னதா ஒரு கோர்ஸ் முடிச்சிட்டு போர்டு மாட்டுறவங்களும் இருக்காங்க, அதனால என்ன படிச்சீங்க, எத்தன வருஷமா பாக்குறீங்கன்னு கேட்டுருங்க.

நான் கேக்கல. முதல்ல போன இடத்துல 10 செஷனுக்கு பேக்கேஜ்னு சொல்லி 12,000 ரூபா மொத்தமா வாங்கிட்டாங்க. அங்க இருந்தவங்க நான் அப்பாவ பத்தி சொல்லிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவ போன் எடுத்தாங்க, கடைசியா "அம்மாவுக்காக நீங்க தான் தைரியமா இருக்கணும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அத தான் எங்க வீட்டுக்கு வந்த அத்தன சொந்தக்காரங்களும் சொல்லிட்டு போனாங்க. ரெண்டு தடவையோட நிறுத்திட்டேன், மீதி காசு வரல. காசு போனது கூட பரவால்ல, இதுதான் தெரபி போலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு மாசம் எங்கயும் போகாம இருந்தேன் பாருங்க, அதுக்கு தான் இன்னும் கோவம் வருது. பேக்கேஜ் வேண்டாம், ஒவ்வொரு செஷனுக்கும் குடுக்குறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கலன்னா வேற ஆள பாருங்க.

சென்னைல நான் விசாரிச்ச இடத்துலெல்லாம் 800ல இருந்து 2,500 வரைக்கும் சொன்னாங்க. கடைசியா நான் போனது 1,500, வாரம் ஒரு தடவன்னா மாசம் 6,000 ஆகுது, சின்ன காசு இல்ல. முடியலன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க, நெறைய பேர் கம்மி ஃபீஸுக்குன்னு ஒண்ணு ரெண்டு நேரம் ஒதுக்கி வச்சிருப்பாங்க, கேக்குறவங்களுக்கு தான் அது கிடைக்கும். இன்ஷூரன்ஸ நம்பி இறங்காதீங்க. உடம்பு நோய் மாதிரியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னு 2017 மனநல பாதுகாப்பு சட்டம் சொல்லுது, ஆனா சாதாரண பாலிசி அட்மிட் ஆனா தான் தரும், இந்த மாதிரி போயிட்டு வர்றதுக்கு ஓபி கவர் தனியா இருக்கணும். காசே குடுக்க முடியாத நிலைமைன்னா கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, நெறைய ஊர்ல இருக்குற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு இருக்கு, தயங்காம போங்க.

சாயங்காலம் 6 மணிக்கு மேல, அப்புறம் சனிக்கிழம, இந்த நேரத்துக்கெல்லாம் தான் அடிதடி. நான் 3 வாரம் காத்திருந்தேன், மதியம் வர முடியும்னா சீக்கிரமா கிடைக்கும். ஆனா ஒண்ணு, செத்துரலாம்னு தோணுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்காக காத்திருக்காதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இல்லன்னா பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு யாரையாவது கூட்டிட்டு போயிடுங்க.

நாள் குடுத்ததும் ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க. வயசு, வேல, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, தைராய்டு இருக்கா, முன்னாடி யாரையாவது பாத்திருக்கீங்களா, எல்லாம் சடசடன்னு எழுதிட்டேன். கடைசில அவசரத்துக்கு கூப்பிட வேண்டிய நபர்னு ஒரு கட்டம். ஸ்கூல்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் அந்த கட்டத்துல நான் எழுதினது எங்க அப்பா பேரும் அவரோட நம்பரும் தான். கை தானா அந்த நம்பர டைப் பண்ண ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு ஃபார்ம மூடி வச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி பேர போட்டு அனுப்புனேன். அந்த நபருக்கு நம்ம கதையெல்லாம் போகாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் தான் கூப்பிடுவாங்க. நாம பேசுறத வெளிய சொல்லக்கூடாதுங்கறதும் அந்த 2017 மனநல சட்டத்துலயே இருக்கு, நமக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்துன்னா, கோர்ட் கேட்டா, இந்த மாதிரி சில விஷயங்கள் தான் விதிவிலக்கு, முதல் நாளே அத சொல்லிடணும், சொல்லலன்னா நீங்க கேளுங்க.

வர முடியலன்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும், இல்லன்னா முழு ஃபீஸும் போகும், இது நெறைய இடத்துல உண்டு. அந்த வருஷம் நவம்பர் மழையில எங்க தெருவுல முழங்கால் தண்ணி, காலையில தான் மெசேஜ் போட்டேன், சரி போன்லயே பேசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆன்லைன்னா எங்க உக்காந்து பேசுறதுன்னு முன்னாடியே யோசிங்க, நம்ம வீட்டுலெல்லாம் கதவ சாத்தினாலே என்னாச்சுன்னு கேப்பாங்க. நான் நிறுத்தி வச்ச கார்ல உக்காந்து பேசுவேன்.

முதல் நாள் 50 நிமிஷமும் பெரும்பாலும் அவங்க கேப்பாங்க நாம சொல்லுவோம், பாரம் எறங்கிடும்னு எதிர்பாக்காதீங்க, எனக்கு அன்னைக்கு தலைவலி தான் வந்துச்சு. மூணு நாலு தடவ போயும் மனசு ஒட்டலன்னா அவங்ககிட்டயே சொல்லலாம், வேற யாரையாவது கைகாட்டுவாங்க.

நேத்து அவ மெசேஜ் போட்டிருந்தா, புதன்கிழம மதியம் 3 மணிக்கு கிடைச்சிருக்காம், மொட்டமாடில இருந்து பேசப் போறாளாம். கீழயே இன்னொரு மெசேஜ், "அக்கா, ஃபார்ம்ல அவசரத்துக்கு யாருன்னு கேக்குது, உன் பேர போட்டுக்கவா?"

போடுடீன்னேன், ஆபீஸ் நேரத்துல இந்த போன் சைலன்ட்ல இருக்கும், இன்னொரு நம்பரையும் சேத்து போடுன்னு அனுப்பி வச்சேன்.