கடலில் போட்ட கோடு: மன்னார் வளைகுடா எல்லையை நான் படித்த விதம்

சட்டப் படிப்பில் சுற்றுச்சூழல் சட்டத் தாள் எனக்கு முதல் முறை அரியர் ஆனது. அந்தத் தாளின் ஒரு கேள்வி இன்னும் நினைவில் நிற்கிறது: கடலில் அமைந்த ஒரு தேசியப் பூங்காவின் எல்லை சட்டப்படி எப்படி வரையறுக்கப்படுகிறது, எடுத்துக்காட்டுடன் விளக்குக. நான் மண்டபம் பக்கத்தில் வளர்ந்தவன். மன்னார் வளைகுடா என்றால் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நம்பிக்கையில் 21 தீவுகள், 10,500 சதுர கிலோமீட்டர், பவளப்பாறை, கடற்பசு என்று மூன்று பக்கம் எழுதினேன். அந்த மூன்று பக்கத்தில் எல்லையைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதிய பரப்பளவும் பூங்காவினுடையது இல்லை.

அடுத்த முறை அந்தத் தாளைத் தாண்டினேன். அப்புறம் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்தபோதும் அதே குறிப்புகள்தான் கைகொடுத்தன. கடல்சார் பாதுகாப்புப் பகுதிகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் நான் தடுக்கிய அதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். அதனால் நான் படித்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரியர் வந்த வாரம் வேதாளையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பேச்சுவாக்கில், "கடல்ல கோடு கிடையாதே, பூங்கா எங்க ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டேன். "கோடு எதுக்கு மாப்ளே? கயித்துல ஈயத்தைக் கட்டி இறக்குனா பாகம் தெரிஞ்சுரும்ல. முசல் தீவுக்கு இந்தப் பக்கம் மூன்றரை பாகம், வெளிப்பக்கம் அஞ்சு பாகம். அதுக்குள்ள வலை விட்டா கேஸுதான்" என்றார்.

மறுநாள் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லை ஆழத்தை வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. தீவுகளைச் சுற்றி, கரையைப் பார்த்த பக்கம் மூன்றரை ஃபேதம், ஆழ்கடலைப் பார்த்த பக்கம் ஐந்து ஃபேதம். ஃபேதம் என்று புத்தகம் சொல்வதும் பாகம் என்று மாமா சொல்வதும் ஒன்றுதான்: இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறு அடி. அப்படியானால் மூன்றரை பாகம் 21 அடி, அதாவது சுமார் 6.4 மீட்டர். ஐந்து பாகம் 30 அடி, சுமார் 9.1 மீட்டர். மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று கடலுக்குப் போகிறவருக்கு நாள்தோறும் புழங்கும் அளவாக இருந்தது. என்னுடைய படிப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஏன் ஆழம்? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பதில் கையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சரணாலயம் அமைக்கும் எண்ணத்தை அறிவிக்கும்போது அதன் இருப்பிடத்தையும் எல்லையையும் முடிந்தவரை குறிப்பிட வேண்டும் என்கிறது. சாலை, ஆறு, மலைமுகடு மாதிரி எல்லாருக்கும் தெரிந்த, எளிதில் புரியும் எல்லைகளைச் சொன்னால் போதும் என்று அதற்கு விளக்கமும் தருகிறது. நிலத்துக்கு இது சரி. கடலில் சாலை ஏது, முகடு ஏது? அங்கே எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் தீவும் ஆழமும்தான். பவளமும் கடற்புல்லும் வெளிச்சம் எட்டுகிற, ஆழம் குறைந்த நீரில் வளர்கிறவை. ஆகவே ஆழத்தை வைத்துப் போட்ட கோடு, காக்க வேண்டிய உயிர்கள் இருக்கும் இடத்தை ஒட்டியே போகிறது. இந்த இரண்டு காரணத்தையும் சேர்த்து எழுதினால், மனப்பாடம் செய்து எழுதியவர்களின் தாளிலிருந்து உங்கள் தாள் தனியே தெரியும்.

18ஆம் பிரிவைப் படிக்கும்போது ஒரு சொற்றொடரை விட்டுவிடாதீர்கள். காப்புக் காடும் பிராந்தியக் கடலும் (கரையை ஒட்டி நாட்டின் ஆளுகைக்குள் வரும் கடல்) நீங்கலான பகுதிகளுக்குத்தான் அந்தப் பிரிவு. கடலைச் சேர்க்க வேண்டுமானால் 26-ஏ பிரிவுக்குப் போக வேண்டும். இந்தத் தலைப்பின் உயிரே அந்தப் பிரிவில் இருக்கிறது என்று சொல்வேன். பிராந்தியக் கடலைச் சரணாலயத்தில் சேர்க்க மாநில அரசு மத்திய அரசின் இசைவை முன்னதாகப் பெற வேண்டும். எவ்வளவு கடலைச் சேர்ப்பது என்பதைக் கடலை அளந்து வரைபடமாக்கும் அதிகாரியான கடற்படையின் தலைமை ஹைட்ரோகிராஃபரைக் கலந்து முடிவுசெய்ய வேண்டும். உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே அந்த எல்லையை வகுக்கலாம். கப்பலோ படகோ தீங்கில்லாமல் கடந்து செல்லும் உரிமையை அறிவிக்கை தொடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது.

மீனவர் நலன் என்ற சொற்கள் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அதை யாரோ கருணையோடு பின்னால் சேர்த்த கோரிக்கை போல எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். அது எல்லை வகுப்பதற்கான நிபந்தனை.

இங்கே காலவரிசையையும் ஒருமுறை பாருங்கள். மன்னார் வளைகுடா பூங்காவை அரசு அறிவித்தது 1986 செப்டம்பரில். 26-ஏ பிரிவு சட்டத்தில் நுழைந்தது 1991 திருத்தத்தில். ஆக, பூங்கா அறிவிக்கப்பட்டபோது ஹைட்ரோகிராஃபரைக் கலக்க வேண்டும், தொழில் நலனைக் காக்க வேண்டும் என்ற இந்த வாசகங்கள் சட்டத்தில் இல்லை. தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே உள்ள இழுபறியைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த ஐந்து வருட இடைவெளியிலிருந்து தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்குவேன்.

அந்தப் பெண்களின் நிலையை விளக்க இன்னொரு வேறுபாடும் வேண்டும். சரணாலயத்தில், ஏற்கெனவே இருக்கும் உரிமை தொடரட்டும் என்று தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து ஆட்சியர் அனுமதிக்க 24(2)(சி) இடம் தருகிறது. தேசியப் பூங்காவுக்கு மற்ற பிரிவுகளை எல்லாம் பொருத்திய 35(3), இந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. பூங்காவுக்குள் உரிமைகள் எல்லாம் அரசின் கைக்கு வந்துசேர வேண்டும். மாமா சொன்ன அந்த ஐந்து பாகக் கோட்டுக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்த விலக்கிலிருந்துதான்.

சரி, எண்களுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவுக்கு மூன்று பரப்பளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு. தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். 1989இல் அறிவிக்கப்பட்டு 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர். பூங்கா அதன் மையப் பகுதி. 2022இல் அறிவிக்கப்பட்ட ராம்சார் தளம் ஏறத்தாழ 527 சதுர கிலோமீட்டர். முதலாவதற்குத்தான் வன உயிரினச் சட்டத்தின் பலம் உண்டு. உயிர்க்கோளக் காப்பகம் என்றொரு வகையே அந்தச் சட்டத்தில் கிடையாது. ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காப்பதற்கான ஒரு பன்னாட்டு உடன்படிக்கை. நான் 10,500 என்று எழுதியபோது, அவ்வளவு பெரிய கடலில் யாரும் வலையே போடக்கூடாது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எண் பிழைத்தால் எத்தனை கிராமங்களின் பிழைப்பு அந்தப் பிழைக்குள் போகிறது என்று யோசித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இந்தக் குழப்பம் தீர நான் செய்தது ஒரே காரியம். பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கரையை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்தேன். தீவுகளை நான்கு கூட்டமாகப் புள்ளி வைத்தேன்: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்துப் பூங்காவின் கோடு ஒரு தாளில், காப்பகத்தின் கோடு இன்னொன்றில். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் யார் அறிவித்தது, எந்தச் சட்டம், எந்த ஆண்டு, உள்ளே என்ன தடை என்று நான்கு சொற்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே தண்ணீரின்மேல் எத்தனை சட்டம் படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பூங்காவுக்கு வெளியேயும் கோடுகள் உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பிராந்தியக் கடல் 12 கடல் மைல். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம், பிராந்தியக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலின் 57ஆம் இனம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் ஏற்பாட்டில் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. அது நாட்டுப்படகுக்காரர்களின் கடல். 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பவளப்பாறையையும் கடல்சார் பூங்காவையும் 1-ஏ வகையில் வைக்கிறது. அது வேறு தாய்ச் சட்டத்தின் கீழ், அதாவது 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. இவற்றையெல்லாம் விரித்து எழுத நேரம் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், ஆனால் எந்தச் சட்டம் என்று பெயர் தவறக் கூடாது.

பாக் விரிகுடாவின் கடற்பசு பாதுகாப்பகத்தை மன்னார் வளைகுடாவோடு சேர்த்து எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. இரண்டும் வேறு கடல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது அது. சட்டப்படியும் அது வேறு இனம், வன உயிரினச் சட்டத்தின் 36-ஏ பிரிவின் கீழ் வந்தது. அரசுக்குச் சொந்தமான பகுதியை, உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அப்படி அறிவிக்க முடியும். அங்கே வாழும் மக்களின் உரிமையை அது பறிக்காது. நிர்வாகத்துக்கு 36-பி பிரிவின்படி ஒரு குழு. எங்கள் பக்கத்து மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். அது மேய்கிற கடற்புல்லைக் காக்கப் பூங்காவின் கடுமை தேவையில்லை, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டே காக்கலாம் என்று சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பூங்காவையும் பாதுகாப்பகத்தையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வந்தால் பரப்பளவை ஒப்பிடாதீர்கள். உரிமைகள் என்ன ஆகின்றன என்பதை ஒப்பிடுங்கள். மறுமுறை எழுதிய தாளில் சரணாலயத்தையும் பூங்காவையும் ஒப்பிடச் சொன்னார்கள். இதே முறையில்தான் எழுதினேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைய இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. கரைக்கு ஒரு கோடு, தீவுக்கு ஒரு வட்டம், சுற்றி ஒரு புள்ளிக்கோடு, இரு பக்கமும் பாகக் கணக்கு. இதை வீட்டில் இருபது தடவையாவது கடிகாரம் வைத்து வரைந்து பழகியிருந்தேன். பிரிவு எண் சந்தேகமாக இருந்தால் எண்ணை விட்டுவிட்டு வாசகத்தின் சாரத்தை எழுதுங்கள். தப்பான எண் நல்ல பதிலையும் கெடுத்துவிடும்.

படிக்கும்போது என்னைத் தூங்கவிடாத ஒரு கேள்வி இருந்தது. கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி, தூத்துக்குடிக் கூட்டத்தில் விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையை (எங்கள் பக்கம் அதைப் பார் என்பார்கள்) வருடக்கணக்கில் வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை, கடல் மட்டமும் உயர்ந்தது. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்ததால் அதன் முன்னால் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். எல்லையைத் தீவைச் சுற்றி அளந்து வைத்திருக்கிறோம். தீவே போய்விட்டால் எல்லை என்ன ஆகும்?

எந்தக் குறிப்பேட்டிலும் இதற்குப் பதில் இல்லாததால் சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் தேசியப் பூங்காவின் எல்லையை மாநில அரசு மாற்ற முடியாது என்று 35(5) சொல்கிறது. கடல் தீவை விழுங்கலாம், மணல் ஒதுங்கி ஆழம் கூடலாம், குறையலாம். அறிவிக்கப்பட்ட பகுதி அதனால் தானாக நீங்கிவிடாது. என் வாசிப்பில், பூவரசன்பட்டி இருந்த இடம் இன்றைக்கும் பூங்காதான். இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க இப்பவும் பார் இருக்கு மாப்ளே, மேல தண்ணி நிக்குது அவ்வளவுதான்" என்றார்.