மூன்றாம் நிலை, பி

டிசம்பர் 9

நுரையீரல் டெஸ்ட். குழாயில் ஆறு வினாடி விடாமல் ஊத வேண்டுமாம். அம்மாவுக்கு மூன்றிலேயே இருமல் வந்துவிடுகிறது. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று டெஸ்ட் எடுக்கும் பெண் கத்துகிறாள். "இந்த ஊது ஊதியிருந்தா அடுப்பு எப்பவோ பத்தியிருக்கும்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்துவிட்டோம். மூச்சுக்குழாய் விரிய பஃப் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னதில் 43 சதவீதம். சீட்டில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி), 'மூன்றாம் நிலை, பி'.

ஆட்டோவில் "மொத்தம் எத்தனை நிலை?" என்று கேட்டாள். நாலு என்றேன். தாம்பரம் வரை பேசவில்லை.

டிசம்பர் 10

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு காலை 94. ராத்திரி 93.

டிசம்பர் 12

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வினாடியில் வெளியே வரும் காற்று, அந்த வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். 80-உம் அதற்கு மேலும் ஒன்று, 50 வரை இரண்டு, 30 வரை மூன்று, அதற்கும் கீழே நாலு. எழுத்து வேறு கணக்கு. எவ்வளவு இரைக்கிறது, போன வருஷம் எத்தனை தடவை முற்றியது என்று பார்த்துப் போடுவது.

இரைப்புக்கு ஒரு கேள்வித்தாள். சமதரையில் நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா? "நான் எங்க நடக்கறேன்" என்றாள் டாக்டரிடம். இரைக்கவைக்கிற வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் இரைப்பே இருக்காது. கொடியில் துணி போடுவதை விட்டாள். ஆடியில் முடியை வெட்டிக்கொண்டாள், வெக்கை தாங்கலை என்று. கையைத் தூக்கிச் சீவினால் மூச்சு வாங்குது என்பது டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. தலை சீவுவது அந்தத் தாளில் இல்லை.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. விடியலில் பனி. மாமா போனில், "அவ என்ன சிகரெட்டா பிடிச்சா? எப்படிம்மா வரும்?" என்கிறார். வந்தவாசி வீட்டுச் சமையல்கட்டைப் பார்த்தவர்தானே! சவுக்கு மிளாறு, வேலிகாத்தான், வறட்டி, மழைக்காலத்தில் காய்ந்தும் காயாத மல்லாட்டைச் செடி. ஜன்னல் கிடையாது. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். பீடியே தொடாத பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு அந்தப் புகை போதும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எங்கம்மாவும் அப்படித்தான் சமைச்சாங்க" என்றார். பாட்டி எப்படி இருமுவாள் என்பது அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 17

சளி பச்சையாக வருகிறது. என்னிடம் சொல்லாமல் பேப்பரில் மடித்து மடித்துப் போட்டிருக்கிறாள். 87.

டிசம்பர் 18

வார்டு. ஆக்சிஜன் வைத்ததும் 96 ஏறியது, எனக்கு உயிர் வந்தது. நர்ஸ் வந்து குறைத்துவிட்டார். சண்டைக்கே போய்விட்டேன். இவர்களுக்கு 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதுமாம், அதிகம் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடுமாம். சரி. ராத்திரி முழுக்க 90-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19

தூங்குகிறாள்.

டிசம்பர் 23

வீட்டுக்கு வந்தாயிற்று. டிஸ்சார்ஜ் சீட்டில் 'இ'. முன்பு சி, டி என்று இரண்டு இருந்தது, 2023-ல் அதைச் சேர்த்து இ ஆக்கிவிட்டார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாலே அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். அம்மா பி-யிலிருந்து நேராக அங்கே. நடுவில் நிற்க ஓர் எழுத்து வைத்திருக்கக் கூடாதா இவர்கள்?

இப்படி ஒவ்வொரு தடவை முற்றும்போதும் கொஞ்சம் போகும், போனது முழுசாகத் திரும்பாது என்கிறார்கள். எது போயிருக்கிறது என்று தேடுகிறேன். காபி டம்ளரை ஆற்றும்போது நடுவில் கீழே வைக்கிறாள். முன்பும் வைப்பாளா?

ஜனவரி 6

ரிவ்யூ. எடை 41. ஆறு நிமிடம் நடக்கவைத்தார்கள், இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். உயரத்துக்கேற்ற எடை, ஊதல், இரைப்பு, நடை நாலையும் சேர்த்துப் புள்ளி போட ஒரு கணக்கு 2004-லிருந்து இருக்கிறது. இன்னும் நாலு வருஷம் இருப்பார்களா என்று சொல்கிற கணக்கு அது. எல்லா எண்ணும் என் கையில் இருக்கிறது. கூட்டவில்லை.

ஜனவரி 10

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமாம். வாசலில் மூணு கல் வைத்து விறகில்தான் பொங்க வேண்டுமாம். "ஒரு நாள்தானேடி." நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். பிறகு அவளுக்குக் கத்த மூச்சில்லை. நெபுலைசர் வைத்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 12

ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தாயிற்று. கீழ்வீட்டுக்காரரிடம் பழைய பாயைக் கொளுத்த வேண்டாம் என்று கேட்டேன். "டயர் கொளுத்தறவனைப் போய்க் கேளுங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஜனவரி 13

போகி. நாலு மணிக்கே மேளச் சத்தம். 91. ஆறு மணிக்கு 89.

ஜனவரி 14

குக்கரில் பொங்கல். சரியாக வெந்திருந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டாள், ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்! 92.

ஜனவரி 15

சளி மறுபடி மஞ்சளடிக்கிறது, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ. அவசரத்துக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்று கேட்க டாக்டருக்குப் போன் போட்டேன். மாட்டுப் பொங்கல், எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட வேண்டும்.