பழைய பிளேயர் பியானோவும் வேக்யூம் கிளீனர் மோட்டாரும்: ஏழு மாதக் குறிப்புகள்

செப்டம்பர்

மோட்டாரை முதன்முதலாக முடுக்கியபோது 88 கட்டைகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. வீடே அதிர்ந்தது. ரோல் மாட்ட மறந்துவிட்டேன். பிளேயர் பியானோ என்றால் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோ. அந்தச் சுருள்தான் ரோல், உள்ளே இருக்கும் காற்றுத்துளைகளை மூடி வைத்திருப்பதும் அதுதான். காகிதம் இல்லாவிட்டால் எல்லாச் சுரங்களையும் வாசிக்கச் சொன்னதாகப் பியானோ எடுத்துக்கொள்ளும். மாடியிலிருந்து ஓடிவந்த மகளிடம் "ஒன்றுமில்லை, சோதனை" என்றேன். அவள் நம்பவில்லை.

பியானோ எங்களிடம் வந்த கதை சுருக்கமானது. நியூ ஜெர்சியில் வீட்டைக் காலி செய்த ஒருவர், எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். நானூறு கிலோவுக்கு அருகில் எடையுள்ள இலவசம்! அதைக் கார் கொட்டகைக்குக் கொண்டுவரக் கொடுத்த கூலியில் ஒரு நல்ல மின்பியானோ வாங்கியிருக்கலாம். வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1922இல் செய்தது. காலால் மிதித்து இயக்கும் வகை. மிதித்துப் பார்த்தேன். முப்பது சுரங்கள் போலக் கேட்டன, மற்றவை இழுத்தன. "அப்பா, இதற்கு மூச்சு வாங்குகிறது" என்றாள் மகள். சரியான நோயறிதல் அதுதான் என்று எனக்குப் புரிய மூன்று மாதமாயிற்று.

நம் ஆர்மோனியம் துருத்தியால் காற்றைத் தள்ளுகிறது. இது நேர்மாறு, உறிஞ்சுகிறது. காகிதத்தில் ஒரு துளை, டிராக்கர் பார் எனும் பித்தளைத் தண்டின் துளைக்கு நேராக வரும்போது வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே இறங்கும். அது பவுச் எனப்படும் சிறு தோல்வட்டத்தின் அடியில் புகுந்து உப்பச் செய்யும். உப்பிய தோல் வால்வைத் தூக்கும். உடனே அந்தச் சுரத்துக்குரிய விரல் நீளத் துருத்திக்குள் இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு, அது சட்டென்று சுருங்கி, சுத்தியலைத் தந்தியின் மேல் எறியும். இப்படி 88 துருத்திகள், மூன்று அடுக்குகளில். 1895இல் டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி தன் முதல் பியானோலாவைச் செய்தபோது அது பியானோவுக்கு முன்னால் நிறுத்தும் தனிப் பெட்டியாக இருந்தது. பிறகுதான் எல்லாம் பியானோவின் வயிற்றுக்குள் போயிற்று.

என் எண்ணம் எளிமையானது. மிதிப்பதற்குப் பதில் மோட்டார், அதுவும் பலமான மோட்டார்.

அக்டோபர்

பழைய வேக்யூம் கிளீனர் ஒன்றிலிருந்து மோட்டாரைக் கழற்றி, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டிக்குள் பெட்டியாகச் செய்து, இடையில் கம்பளித் துணியைத் திணித்தேன். அதிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் பியானோவின் பெரிய துருத்திக்குப் போகிறது. நடுவில் தோல் மடல் ஒன்று. மோட்டார் நின்றிருக்கும்போது அது மூடிக்கொள்ளும், அப்போது பழையபடி காலாலும் மிதிக்கலாம். கால்மிதியைக் கழற்றி எறியாமல் விட்டதற்குக் காரணம் பழமைப் பற்று ஒன்றும் இல்லை, சோம்பல்தான். பின்னால் அதுவே கைகொடுத்தது.

வேகத்தைக் குறைக்க முதலில் விளக்குகளுக்குப் போடும் டிம்மரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அது தோசைக்கல் ஆயிற்று. பிறகு ரூட்டர் எனும் மரவேலைக் கருவிக்கென்று விற்கும் 15 ஆம்பியர் வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கினேன். பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார்களுக்குத்தான் இது பொருந்தும். பழைய மின் பியானோக்களில் பெல்ட் போட்டு இயங்கும் இண்டக்‌ஷன் மோட்டார் இருந்தால் இதை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். அது உறுமிச் சூடாகுமே தவிர ஒழுங்காக வேகம் குறையாது.

ஒரு ஞாயிறு மாலை, பலம் போதவில்லை என்று குமிழை முழுவதும் திருப்பினேன். "டப்" என்று ஒரு சத்தம், பிறகு தொடர்ந்து ஒரு சீறல். நூறு வயதான ரப்பர் துணி. அடிச்சுரப் பகுதியில் இரண்டு துருத்திகள் மடிப்போரமாகக் கிழிந்திருந்தன.

அதன் பிறகுதான் அளக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. ஒரு நீளப் பலகையில் ஒளிபுகும் குழாயை யு வடிவில் வளைத்து அடித்து, பாதிக்கு நீர் ஊற்றி, நிறம் தெரியக் கேசரிப் பவுடர் கலந்தேன். ஒரு முனை பியானோவுக்குள், மறுமுனை வெளிக்காற்றுக்கு. இரு பக்க நீர்மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் உறிஞ்சுவிசை. இந்தத் துறையில் அதை இன்றும் நீர் அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். மெல்லிய வாசிப்புக்கு ஐந்தாறு அங்குலம், ஓங்கி வாசிக்க முப்பதும் அதற்கு மேலும். வாயை அடைத்த வேக்யூம் கிளீனரோ எண்பது அங்குலம்வரை இழுக்கும். கிழவிக்குக் குத்துச்சண்டைக்காரனைத் துணைக்கு அனுப்பியிருந்தேன்.

டிராக்கர் பாரை முழுவதும் பசைநாடாவால் மூடிவிட்டு, குமிழைப் பாதியில் வைத்து அளந்தேன். எந்தத் துளையும் திறந்திருக்கவில்லை, எதுவும் வாசிக்கவில்லை. ஆனாலும் 14 அங்குலம்தான் வந்தது. மோட்டார் இழுத்த காற்றெல்லாம் எங்கிருந்தோ கசிந்து வந்துகொண்டிருந்தது.

நவம்பர்

குழாய்களை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் நெரித்து, எந்தப் பகுதி கசிகிறது என்று தேடினேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேக்யூம் கிளீனரின் வாயைக் கையால் அடைத்தால் அதன் குரல் கீச்சென்று உயருமல்லவா? மோட்டார் திணறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு வேலை குறைந்துவிட்டது, தள்ளக் காற்று இல்லாமல் விசிறி இலேசாகச் சுழல்கிறது. ஆகவே மோட்டாரின் சுருதியே கசிவுமானி. ஒரு குழாயை நெரித்ததும் சுருதி ஏறினால், கள்ளன் அங்கேதான். சில நாளில் நீர்மட்டத்தைப் பார்க்காமலே காதால் சொல்ல முடிந்தது.

பெரிய கள்ளன் 88 துருத்திகளும் இருக்கும் மூன்றடுக்குத் தொகுதி. முதலில் எதையும் பிரிக்காமல், அதன் திருகுகளை எல்லாம் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும்போது மரம் காய்ந்து சுருங்கும், திருகுகள் தளரும். இறுக்கியதில் மட்டும் 14 அங்குலம் 19 ஆயிற்று. ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு மணி நேரமும்! பெட்டி செய்யக் கழித்த மூன்று வாரத்தை நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர், ஜனவரி

துருத்திகளுக்குப் புதுத் துணி. இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒன்றைச் செய்யுங்கள், பிறகு 87 முறை அதையே செய்யுங்கள்.

ஆனால் பசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1922இல் இதைச் செய்தவர்கள் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும், மரம் சேதமின்றிப் பிரியும். இடையில் யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் நடு அடுக்கை மட்டும் வெள்ளைத் தச்சுப் பசையால் ஒட்டியிருந்தார். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்து நான்கு நாள். அந்த நடு அடுக்கு மட்டும் இரண்டு வாரம், மூன்று உளிகள், ஒரு கட்டைவிரல். அடுத்த தலைமுறையில் இதைப் பிரிக்கப் போகிறவருக்கு அந்தக் கொடுமை வேண்டாமென்று நான் வச்சிரம்தான் காய்ச்சினேன். அந்த நாற்றத்தால் கொட்டகைக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள கதவு ஜனவரி முழுவதும் சாத்தியே இருந்தது.

பவுச் தோல்களில் நுண்கசிவு இருந்தது. நீர்த்த ரப்பர் பசையை ஒரு பூச்சு பூசியதில் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய தலைவலி பிளீட். ஒவ்வொரு பவுச்சுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் ஊசித்துளை உண்டு. காகிதம் டிராக்கர் துளையை மூடியபின், பவுச்சின் அடியில் சிக்கிய காற்று இதன் வழியாகத்தான் உறிஞ்சப்பட்டு வால்வு இறங்கும். துளை தூசியால் அடைந்தால் சுரம் விடாமல் நிற்கும், ஒரே சுரத்தை அடுத்தடுத்துத் தட்ட வராது. பெரிதானாலோ வருகிற காற்றெல்லாம் அதிலேயே ஓடிவிடும், மெல்லிய வாசிப்பில் பவுச் எழும்பாது. என் பியானோவில் இரண்டு நோயும் இருந்தன. யாரோ ஒன்பது துளைகளைத் துரப்பணத்தால் பெருக்கிவைத்திருந்தார்கள். அந்த ஒன்பதையும் அடைத்து, மற்றவற்றின் அளவில் மறுபடி துளையிட்டேன். கெட்டிப்பட்ட ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன்.

பிப்ரவரி

எல்லாம் பூட்டி, அதே பாதிக் குமிழில் அளந்தால் 34 அங்குலம். அன்று இரவு சாப்பாட்டின்போது வேறு எதையும் பேசவில்லை.

மறுநாள் பதினைந்து நிமிட வாசிப்புக்குப் பின் பெட்டியிலிருந்து கருகல் வாடை. கசிந்தபோதெல்லாம் குளிர்ச்சியாக ஓடிய மோட்டார், கசிவு நின்றதும் எரிகிறது! யோசித்தால் நியாயம்தான். இந்த வகை மோட்டார், தான் இழுக்கும் காற்றாலேயே தன் சுருள்களைக் குளிர்விக்கிறது. இறுக்கமான பியானோ அதற்குக் காற்றே கொடுக்கவில்லை. தரை பெருக்கச் செய்த மோட்டாருக்குக் கசிவு மருந்து, பியானோவுக்கோ அது நோய்.

எனவே வேண்டாத இடங்களில் எல்லாம் அடைத்த கசிவை, வேண்டிய ஓர் இடத்தில் நானே திறந்துவிட்டேன். பெட்டியின் வாசலில் ஐந்து சென்டிமீட்டர் சதுரத் துவாரம், அதை உட்பக்கத்திலிருந்து மூடும் தோலொட்டிய பலகை, பலகையை மூடியபடி பிடித்திருக்கும் வில். உறிஞ்சுவிசை வில்லின் பலத்தை மீறினால் பலகை உள்நோக்கித் திறந்து அறைக்காற்றை விடும், மோட்டாரும் குளிரும். கணக்கு எளிது: முப்பது அங்குலம் என்றால் 76 சென்டிமீட்டர் நீர், 25 சதுர சென்டிமீட்டர் பலகையின் மேல் 1.9 கிலோ. சமையலறைத் தராசில் வில்லை இழுத்து அளந்து பூட்டினேன். முதலில் விசிலடித்தது, விளிம்பில் கம்பளித் துணியை ஒட்டியதும் அடங்கியது. இப்போது ஒரு மணி நேரம் ஓடினாலும் பெட்டி வெதுவெதுப்புத்தான்.

மார்ச்

ரோலைச் சுழற்றுவதும் காற்றுதான், சறுக்கு வால்வுகள் கொண்ட ஒரு சிறு காற்று மோட்டார். டெம்போ 70 என்றால் காகிதம் நிமிடத்துக்கு ஏழு அடி நகர வேண்டும். சோதனை ரோலில் அதற்கு அடையாளமே இருக்கிறது. பத்து அங்குல விசையில் ஏழு அடி ஓர் அங்குலம், அருமை. முப்பது அங்குலத்தில் ஆறு அடி இரண்டு அங்குலம். ஓங்கி வாசிக்கும்போதெல்லாம் பாட்டு மெதுவாயிற்று. விசை கூடினால் கவர்னர் எனும் துருத்தி சுருங்கிக் காற்றுப்பாதையைக் குறுக்க வேண்டும். என்னுடையது அளவுக்கு மிஞ்சிக் குறுக்கியது. அதன் வில்லையும் திருகையும் மாறி மாறித் திருகி, சறுக்கு வால்வுகளில் கிராஃபைட் பொடி தேய்த்ததில், இரண்டு விசைக்கும் வேறுபாடு ஓர் அங்குலத்துக்குள் வந்தது.

இதற்கிடையில் புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். காற்று மோட்டாரே வேண்டாம், ஸ்டெப்பர் மோட்டாரும் சென்சாரும் வைத்துக் காகித வேகத்தை மாறாமல் நிறுத்தலாம் என்று. நிறுத்தினேன். வால்ட்ஸ் ஒன்று முடிவை நெருங்க நெருங்கத் தூங்கி வழிந்தது. காரணம் இது: சுற்றிக்கொள்ளும் உருளை சீராகச் சுழல்கிறது, அதன் மேல் காகிதம் சேரச் சேரப் பருமன் கூடி, காகிதத்தின் வேகம் தானாக ஏறுகிறது. அந்த ரோல் அதை எதிர்பார்த்தே வெட்டப்பட்டிருந்தது. ஸ்டெப்பர் அலமாரிக்குப் போயிற்று.

ரோல் கிடைப்பதில் சிரமமில்லை. 1908 டிசம்பரில் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு ஒன்பது துளை என்று ஒத்துக்கொண்டார்கள். அதன் புண்ணியத்தில் யார் வெட்டிய 88 சுர ரோலும் என் பியானோவில் ஓடுகிறது.

இப்போது

எல்லாம் சரியானபின் உட்கார்ந்து கேட்டால் சலிப்பாக இருந்தது. தவறில்லாமல், ஒரே கனத்தில், தட்டச்சு அடிப்பதுபோல் வாசித்தது. மிதிக்கும் பியானோவில் ஓங்கி மிதித்தால் சுரம் ஓங்கும், காலை எடுத்தால் தணியும். மின்சாரம் போட்டு அதை நானே பறித்துவிட்டேன். இது புதிய சிக்கல் இல்லை. ஃப்ரைபர்க்கின் வெல்டே நிறுவனம் 1904இல் கொண்டுவந்த வெல்டே மிஞ்ஞோன், வாசித்தவரின் மெல்லோசையையும் வல்லோசையையும் ரோலின் ஓரத் துளைகளில் பதிந்து மீட்டது. இதே வேலையைச் செய்ய 1929இல் வந்த ஏம்பிகோ பி அமைப்புக்குக் கிளாரன்ஸ் ஹிக்மேன் எனும் இயற்பியலாளரே பொறுப்பேற்றார். என் ரோல்களில் அந்தத் துளைகள் இல்லை. ஆனால் எனக்குக் கால் இருக்கிறது.

சும்மா கிடந்த இடது மிதியிலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை அந்தத் துவாரப் பலகையின் வில்லுக்கு இழுத்தேன். மிதிக்காதபோது எட்டு அங்குலத்திலேயே பலகை திறந்துவிடும். மிதிக்க மிதிக்க வில் இறுகி, முப்பதுவரை ஏறும். முதலில் அரை நொடி தாமதம் இருந்தது. பெரிய துருத்தி காற்றைச் சேமித்து வைத்து என் மிதியை விழுங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு மரக்கட்டை வைத்து அசையாமல் பூட்டியதும் கால் சொன்னது காதில் விழுந்தது. மோட்டார் மாறாத வேகத்தில் ஓடுகிறது, குமிழைத் தொடுவதே இல்லை.

நேற்று மகள் மிதித்தாள். நான் பியானோவைப் பார்க்கவில்லை, யு குழாயில் கேசரி நிற நீர் ஒவ்வொரு தாளத்துக்கும் எழுந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு அடுக்கில் ஒரு சுரம் மட்டும் எட்டு அங்குலத்தில் இரண்டாம் தட்டுக்கு வரவில்லை. வால்வின் எழுச்சி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் என்று சந்தேகம். சனிக்கிழமை திறந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பசை இருந்த அதே அடுக்கு.