ராஜ்தூத் 350: இரண்டு பாயிண்ட்டுக்கும் டைமிங் வைத்த விதம்

1983-இல் எஸ்கார்ட்ஸ் யமஹா உரிமத்தில் கொண்டுவந்த ராஜ்தூத் 350 டூ-ஸ்ட்ரோக் வண்டி. வால்வ் டைமிங் என்ற வேலையே கிடையாது, அந்த வேலையைச் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளும் ரீட் இதழ்களும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் இக்னிஷனை, அதாவது பிளக்கில் பொறி வர வைக்கும் வேலையைப் பொறுத்தவரை இதை இரண்டு இன்ஜினாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயிண்ட் (திறக்கும் நொடியில் பொறியை வரவைக்கும் சுவிட்ச்), தனி கண்டென்சர், தனி காயில். கிராங்க் 180 டிகிரி, அதாவது ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே. ஒருமுறை பிரித்துக் கோத்த கிராங்கில் அந்த 180 இம்மி பிசகியிருந்தாலும் ரோட்டரில் உள்ள கோடு ஒரு பக்கத்துக்குப் பொய் சொல்லும். அந்தக் கோட்டை நம்பி டைமிங் வைத்திருந்த, நான் வேலை பார்த்த இந்த வண்டியில் டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை அளக்கும் முள் மீட்டர்) போட்டதும் இடது 2.3, வலது 1.7 மி.மீ. காட்டியது. இரண்டுக்கும் வர வேண்டியது டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) முன் 2.0 மி.மீ., அதாவது ஏறக்குறைய 20 டிகிரி. அந்த இடத்தில் 0.1 மி.மீ. என்பது அரை டிகிரி. ஆக இரு பக்கத்துக்கும் மூன்று டிகிரி வித்தியாசம்.

முதலில் இடதுபக்க மேக்னெட் கவரைக் கழற்றி, ரோட்டரை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தேன். ஆட்டும்போது பாயிண்ட் கேப் (இரு முகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) மாறினால் மெயின் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் டைமிங் வைப்பது வீண் வேலை. இதில் ஆட்டம் இல்லை.

புதுப்பேட்டையில் பாயிண்ட் வாங்கும்போது இரு முகமும் நேருக்கு நேர் படிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். புதுசைப் பூட்டியதும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் கேப்பை 0.35 மி.மீ. வைத்தேன். கேப்தான் முதலில். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும்.

பிளக் ஓட்டையில் 14 மி.மீ. அடாப்டரோடு டயல் கேஜைப் பூட்டி, டாப் கியரில் பின் சக்கரத்தை மெல்ல உருட்டி, முள் திரும்பும் இடத்தில் பூஜ்ஜியம் வைத்தேன். நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால், இன்ஜின் சுற்றும் திசையில் அந்த போல்ட்டே கழலும். பின்னோக்கி 4 மி.மீ. வரை போய், அங்கிருந்து முன்னோக்கி 2.0-க்கு வர வேண்டும்.

திறக்கும் நொடியைக் காட்ட மல்டிமீட்டர் பீப்பை நம்பாதீர்கள். வயரைக் கழற்றாவிட்டால், பாயிண்ட் திறந்த பிறகும் காயில் வழியாக பீப் அடித்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் ஸ்பீடோமீட்டர் பல்பின் ஒரு முனையைப் பாயிண்ட் வயரிலும் மறுமுனையை பாடியிலும் கொடுத்து சாவியைப் போட்டேன். பாயிண்ட் திறந்ததும் பல்பு எரியும். பெட்ரோலை மூடி, பிளக்குகளை அவற்றின் வயர் மூடியில் மாட்டி, ஓட்டைகளிலிருந்து தள்ளி இன்ஜின் மேல் எர்த்தாகும்படி வைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் காயில் பாழாகும். சாவியை வெகுநேரம் போட்டு வைத்தாலும் காயில் சூடேறும்.

பெரிய பிளேட்டில் நேராக உட்காரும் பாயிண்ட்டை முதலில் வைக்க வேண்டும். அந்த பிளேட் நகர்ந்தால் இரண்டும் நகரும். அது முடிந்த பிறகே சின்ன பிளேட்டில் உள்ள மற்றதை, அதன் பிஸ்டனில் கேஜை மாற்றிப் போட்டு வைத்தேன். ஸ்குரூவை இறுக்கும்போது பிளேட் கொஞ்சம் இழுபடும். இறுக்கியபின் மறுபடி அளந்தே ஆக வேண்டும். மூன்றாவது முறையில்தான் இரண்டும் 2.0-இல் நின்றன. தவறினால் 1.9 பக்கம் தவறட்டும். கத்திரி வெயிலில் கிண்டி டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு முறுக்கும்போது 2.3 போன்ற அட்வான்ஸ், அதாவது முன்கூட்டியே வரும் பொறி, பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடது பிளக் மட்டும் வெளுத்தால், டைமிங்கை விட்டுவிட்டு இடது கிராங்க் சீலைப் பாருங்கள். காற்று உள்ளே போகிறது. வலதில் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அந்தப் பக்க சீல் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. பாயிண்ட் முகம் நீலமாகக் கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, பாயிண்ட்டைத் திறக்கும் கேமைத் தொடும் ஃபெல்ட் துணியில் ஒரு சொட்டு எண்ணெய். அது காய்ந்தால் கேமில் உரசும் பாயிண்ட்டின் ஃபைபர் சீக்கிரம் தேயும், கேப் சுருங்கும், டைமிங் பின்தங்கும். புது பாயிண்ட் என்பதால் 500 கி.மீ. ஓடியதும் கவரைத் திறந்து கேப்பை மறுபடி அளக்க வேண்டும்.